கானாவும் கேசட்டும்: ஜப்பானின் பழைய ஆர்பிஜி கேம்களைக் குறைந்த செலவில் சேர்ப்பது எப்படி?

1995 டிசம்பரில் டிராகன் குவெஸ்ட் 6 என்ற ஆர்பிஜி (நாயகனின் பாத்திரம் ஏற்றுக் கதைக்குள் பயணம் செய்யும் கேம்) வெளிவந்தபோது ஜப்பானியக் கடைகளில் அதன் விலை 11,400 யென். இன்று அதே கேசட், பெட்டியும் கையேடும் இல்லாமல், சில நூறு யென்னுக்குக் கிடைக்கிறது. கோலாலம்பூரில் இரண்டு பேர் மாமாக் கடையில் பசியாறும் காசு அது. ஜப்பானில் அந்த ஒரு கேம் மட்டும் மூன்று மில்லியன் பிரதிகளுக்கு மேல் விற்றது. அன்று அதை வாங்கிய பிள்ளைகள் வளர்ந்து, வீடு மாறி, அலமாரியைக் காலி செய்யும்போதெல்லாம் அந்தக் கேசட்டுகள் பழைய பொருள் கடைகளுக்கு வந்து சேர்கின்றன. அதனால்தான் இந்த விலை.

உலகெங்கும் சேகரிப்பாளர்கள் முட்டிமோதுவது ஆங்கிலப் பதிப்புகளுக்காக. மதர் 2 என்ற கேம் 1994இல் ஜப்பானில் வந்தது. மறு ஆண்டு எர்த்பவுண்ட் என்ற பெயரில் அமெரிக்காவுக்குப் போனது. அந்த அமெரிக்கக் கேசட் இன்று ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டுகிறது. ஜப்பானியக் கேசட்டுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு போதும். கதை ஒன்று, இசை ஒன்று, படங்களும் ஏறக்குறைய ஒன்றுதான். நடுவில் நிற்பது மொழி என்ற வேலி மட்டுமே.

அந்த வேலி தமிழ் படித்தவர்களுக்கு மிகவும் தாழ்வானது. ஆறு ஆண்டுகளாகச் சேர்த்தும் விளையாடியும் நான் கண்டுகொண்டது இதுதான். மாதம் நூறு ரிங்கிட்டுக்குள் இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்க நினைக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். பினாங்கிலோ ஜொகூரிலோ இருப்பவர்களுக்கும் கடைப் பெயர்களைத் தவிர மற்றதெல்லாம் பொருந்தும்.

முதலில் எழுத்து, பிறகு கேசட்

கருவியை வாங்கிவிட்டு மொழியைப் பற்றி யோசிப்பவர்களே அதிகம். நான் சொல்வது தலைகீழ் வரிசை. ஒரு காசும் செலவழிக்காமல் முதல் இரண்டு மூன்று வாரம் ஹிரகானா, கதகானா என்ற இரண்டு எழுத்து முறைகளைப் படியுங்கள். இரண்டையும் சேர்த்துக் கானா என்பார்கள். ஒவ்வொன்றிலும் அடிப்படை எழுத்துகள் 46.

கானா அட்டவணையை ஒரு தாளில் அச்சிட்டு எதிரில் வையுங்கள். உயிரெழுத்துகள் அ, இ, உ, எ, ஒ என்று நிற்கும். நம் ஐந்து குறில்கள், அதே வரிசையில். அடுத்து வருபவை க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. நம் க, ச, த, ந, ப, ம, ய, ர, வ என்ற வரிசையைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அவர்களுக்கு ‘ஹ’ நிற்கும் இடத்தில் நமக்கு ‘ப’ நிற்கிறது. ஜப்பானிய மொழியிலும் அந்த ஒலி முற்காலத்தில் ‘ப’வாகத்தான் இருந்தது. சமஸ்கிருத எழுத்துகளைப் பயின்ற பௌத்தத் துறவிகள் வழியாக இந்திய ஒலி வரிசை ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்ததன் தடம் இது. அட்டவணையின் கடைசியில் தனித்து ஒரே ஒரு மெய்யெழுத்து நிற்கிறது: ன். நம் பதினெட்டு மெய்களும் ன்-இல்தான் முடிகின்றன. இந்தக் கடைசி ஒற்றுமை தற்செயலானது. ஆனாலும் முதன்முதலில் அதைக் கவனித்த இரவு எனக்கு நெடுநேரம் தூக்கம் வரவில்லை.

இன்னும் இருக்கிறது. க-வின் தோளில் இரண்டு சிறு கோடுகள் போட்டால் ‘தங்கம்’ என்பதில் வரும் மெல்லிய க ஆகும். ஹ-வின் தோளில் சிறு வட்டம் போட்டால் ப. குறில், நெடில் வேறுபாடு அவர்களுக்கும் உண்டு. கதகானாவில் நெடிலுக்கு ஒரு நீளக் கோடு இழுத்துவிடுவார்கள். ‘பக்கம்’ என்று அழுத்திச் சொல்வதற்கு ஒரு குட்டி எழுத்து இருக்கிறது. த வரிசை த, சி, ட்சு, தெ, தொ என்று கொஞ்சம் முறை மாறும். அதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருவதும், உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும் நமக்குப் பழகிய நடைதான். ஆங்கிலம் வழியாகக் கற்பவர்களுக்குப் பெரும் சுமையாக இருப்பதெல்லாம் நம் நாக்கிலும் காதிலும் ஏற்கெனவே இருக்கிறது.

எழுத்து தெரிந்ததும் கேமுக்கு வேண்டிய சொற்கள் முப்பது, நாற்பதுதான். ததகாவு என்றால் போரிடு. நிகெரு என்றால் தப்பி ஓடு. ஹனாசு பேசு, ஜுமோன் மந்திரம், டோகு கைப்பொருள், சோபி ஆயுதம் அணிவது, ஷிராபெரு தேடிப் பார்ப்பது. ஆமாம் என்பதற்கு ஹை, இல்லை என்பதற்கு ஈயே. டிராகன் குவெஸ்ட் வரிசையில் மூலிகைக்கு யகுசோ, காயம் ஆற்றும் மந்திரத்துக்கு ஹொய்மி, போய்வந்த ஊருக்கே மீண்டும் பறந்து போக ரூரா. ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே போங்கள். என் நோட்டு இப்போது மூன்றாவது.

எல்லா கேம்களும் ஒரே அளவு கடினமானவை அல்ல. 1980களில் நின்டெண்டோ விற்ற ஃபாமிகாம் என்ற கருவியின் கேம்களில் நினைவகம் மிகக் குறைவு; சீன வழி வந்த காஞ்சி எழுத்துகளுக்கு அங்கே இடமில்லை. ஏறக்குறைய எல்லாமே கானா. 1996இல் கேம் பாய்க்கு வந்த முதல் போக்கிமோன் கேம்களும் கானாதான், அதுவும் சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு. ஃபைனல் ஃபேன்டஸி 6, குரோனோ டிரிகர் இரண்டிலும் காஞ்சி நிறைய வரும். அவற்றுக்குக் கைப்பேசிக் கேமராவின் மொழிபெயர்ப்பு உதவும், பழைய புள்ளி எழுத்துகளைப் பார்த்து அது அடிக்கடி தடுமாறினாலும். கதைப்போக்கை விளக்கும் வழிகாட்டி ஒன்றை இணையத்தில் திறந்து வைத்துக்கொண்டு விளையாடுவதில் எந்தக் குறைவும் இல்லை.

கருவியும் மின்சாரமும்

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நமக்கு 240. நம் மும்முனைச் சுவர்த் துளையில் ஜப்பானியத் தட்டை முனைகளைச் செருக உதவும் பின் மாற்றி எந்தக் கடையிலும் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். அது முனையின் வடிவத்தை மட்டும் மாற்றும், வோல்ட்டை மாற்றாது.

ஃபாமிகாமுக்கு அடுத்த தலைமுறைக் கருவி சூப்பர் ஃபாமிகாம். என் முதல் சூப்பர் ஃபாமிகாம் வந்த அன்று நான் இதைத்தான் செய்தேன். பார்சலில் கூடவே வந்த அடாப்டரைப் பின் மாற்றியில் செருகிச் சுவிட்சைப் போட்டேன். மூன்று விநாடி இருக்கும். பிளாஸ்டிக் கருகும் வாடை அறை முழுவதும் பரவியது. மறுநாள் காலை புடுவில் உள்ள ஜாலான் பாசாருக்குக் கருவியோடு ஓடினேன். மின்னணு உதிரிப்பாகக் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு அது. அங்கே பழுதுபார்க்கும் ஒருவர் கருவியைத் திறந்து சோதித்துவிட்டு நிமிர்ந்தார்.

“அண்ணே, கருவி போய்விட்டதா?”

“கருவிக்கு ஒன்றும் இல்லை, தம்பி. அடாப்டர்தான் எரிந்திருக்கிறது. அதன் அடியில் இன்புட் என்று போட்டு ஒரு வரி இருக்குமே, அதைப் படித்தாயா?”

படிக்கவில்லை. அன்றுமுதல் எந்த அடாப்டரையும் திருப்பி அந்த வரியைப் படிக்காமல் நான் சுவரில் செருகியதில்லை. 100 முதல் 240 வரை என்று போட்டிருந்தால் நேராகச் செருகலாம். 100 மட்டும் போட்டிருந்தால் கூடாது.

சூப்பர் ஃபாமிகாமுக்குத் தீர்வு எளிது. அதன் அசல் அடாப்டர் வெளியிடுவது 10 வோல்ட் நேர்மின்சாரம், 850 மில்லி ஆம்பியர், நடுமுனை எதிர்மின். ஜாலான் பாசாரில் 9 அல்லது 10 வோல்ட், 1 ஆம்பியர், 5.5/2.1 மில்லிமீட்டர் முனையுள்ள அடாப்டர் கேளுங்கள். ‘நடுமுனை எதிர்மின்’ என்பதை மறக்காமல் சொல்லுங்கள், ஏனென்றால் கடைகளில் சாதாரணமாகத் தொங்குபவை பெரும்பாலும் நடுமுனை நேர்மின். முனை மாறினால் கருவிக்குள் இருக்கும் ஃபியூஸ் போகலாம்.

முதல் பிளேஸ்டேஷன், சேகா சாட்டர்ன் இரண்டின் ஜப்பானியக் கருவிகளுக்கும் மின்மாற்றி உள்ளேயே இருக்கிறது. அவற்றுக்கு 240ஐ 100 ஆக்கும் கனத்த டிரான்ஸ்ஃபார்மர் தனியே வேண்டும். 110 என்று எழுதியதை விட்டுவிட்டு 100 என்று எழுதியதையே வாங்குங்கள். ஆனால் சிக்கனமாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது வேறு வழி. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் விற்கப்பட்ட பிளேஸ்டேஷன் 2 கருவிகளின் மாதிரி எண் 50006, 70006 என்று 6இல் முடியும். அவை நம் மின்சாரத்துக்கே செய்யப்பட்டவை. வட்டார முறையில் ஜப்பானோடு சேர்ந்தவை. ஜப்பானியப் பிளேஸ்டேஷன் 2 தட்டுகளும் (டிஸ்க்), முதல் பிளேஸ்டேஷனின் ஜப்பானியத் தட்டுகளும் அவற்றில் ஓடும். ஒரே கருவியில் இரண்டு தலைமுறை ஆர்பிஜிகள். உங்கள் மாமா வீட்டுப் பரண்மேல் ஒன்று தூசி படிந்து கிடந்தாலும் வியப்பில்லை, கேட்டுப் பாருங்கள்.

கையடக்கக் கருவிகள் இன்னும் எளியவை. கேம் பாய், கேம் பாய் அட்வான்ஸ், நின்டெண்டோ டிஎஸ் கேசட்டுகளுக்கு வட்டாரப் பூட்டு கிடையாது. எந்த நாட்டுக் கருவியிலும் எந்த நாட்டுக் கேசட்டும் ஓடும். டிஎஸ் வகைக்கும் அட்வான்ஸ் எஸ்பி வகைக்கும் யூஎஸ்பி மின்கம்பி விற்கிறார்கள். வோல்ட் பற்றிய கவலையே இல்லை. மின்சாரம் என்றாலே பயப்படுகிறவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.

1983இல் வந்த சிவப்பு வெள்ளை ஃபாமிகாமை மட்டும் அழகுக்காக வாங்கிவிடாதீர்கள். அது ஏரியல் கம்பி வழியாகத்தான் படம் அனுப்பும். அந்த ஜப்பானிய அலைவரிசைகள் நம் நாட்டில் எஃப்எம் வானொலி இருக்கும் இடத்தில் இருக்கின்றன. நம் டிவி பிடிக்காது. 1993இல் வந்த, ஏவி (மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைக் கம்பி) வெளியீடுள்ள புதிய ஃபாமிகாம் வேண்டும், அல்லது ஏவி வெளியீடு பொருத்தி மாற்றியமைத்த பழையது வேண்டும். 90களில் நம் வீடுகளில் இருந்த மைக்ரோ ஜீனியஸ் நினைவிருக்கிறதா? அதன் கேசட் வாயும் ஃபாமிகாமின் அதே 60 முனை அமைப்புதான். கேசட் என்ற பெயரும் நாமாக வைத்தது என்று நான் நினைத்திருந்தேன்; ஜப்பானியரும் அதைக் கசெட்டோ என்றே சொல்கிறார்கள்.

டிவியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகள் உள்ள பழைய பெட்டி டிவி கிடைத்தால் அதுவே சிறப்பு. புது டிவி என்றால் ஏவியை எச்டிஎம்ஐ ஆக்கும் சிறு பெட்டி போதும். அதில் படம் சற்று மங்கும், ஒரு நொடியின் சிறு பங்கு தாமதமும் சேரும். சண்டை கேம்களுக்கு அது கெடுதல். முறை வைத்துத் தாக்கும் ஆர்பிஜிக்கு ஒன்றும் ஆகாது.

எதை வாங்குவது?

ஜப்பானில் எல்லோர் வீட்டிலும் இருந்ததை வாங்குங்கள். அரிய கேமைத் தேடாதீர்கள். குறைந்த செலவில் சேர்ப்பதன் முழு இரகசியமும் இதுதான். மில்லியன் கணக்கில் விற்ற டிராகன் குவெஸ்ட் 5, 6, ஃபைனல் ஃபேன்டஸி 4, 5, 6, குரோனோ டிரிகர் ஆகியவை மலிவாகக் கிடைப்பவை. அந்தக் காலத்தின் தலைசிறந்த கேம்களும் அவையே. விலையும் தரமும் இப்படிச் சேர்ந்து நம் பக்கம் நிற்பது வேறு எந்தச் சேகரிப்பிலும் நான் பார்த்ததில்லை.

ஒன்றே ஒன்று சொல்லுங்கள் என்றால், 1992இல் வந்த டிராகன் குவெஸ்ட் 5 என்பேன். சிறுவனாகத் தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராக நடப்பதில் தொடங்குகிறது. வளர்ந்து, யாரை மணப்பது என்று முடிவெடுத்து, தன் பிள்ளைகளோடு சேர்ந்து பயணம் செய்வது வரை ஒரு வாழ்க்கை முழுவதும் அதில் ஓடுகிறது. 2009இல் டிஎஸ் கருவிக்கு வரும்வரை அமெரிக்காவில் இது அதிகாரபூர்வமாக வெளியானதே இல்லை. படிக்க அலுப்பாக இருப்பவர்களுக்கு 1995இல் வந்த செய்க்கென் டென்செட்சு 3 பொருந்தும். கையால் வாள் வீசி விளையாடும் வகை என்பதால் வாசிப்பு குறைவு. அதன் ஆங்கிலப் பதிப்புக்கு உலகம் 2019 வரை காத்திருந்தது. பிளேஸ்டேஷன் தட்டுகளில் ஃபைனல் ஃபேன்டஸி 7, 8, 9 மூன்றும், 1998இல் வந்த சுய்க்கோடென் 2-உம் முதலில் வாங்க வேண்டியவை. சுய்க்கோடென் 2-இன் ஆங்கிலத் தட்டு விலையைக் கேட்டால் மலைத்துப்போவீர்கள்.

பெட்டி வேண்டாம். சூப்பர் ஃபாமிகாம் பெட்டிகள் மெல்லிய அட்டை. விலையை மூன்று நான்கு மடங்காக்கும். நம் ஊர் ஈரப்பதத்தில் சில மாதங்களில் பூஞ்சைப் புள்ளி விழும். வெறும் கேசட்டை வாங்குங்கள். தட்டு கேம்களுக்கு மட்டும் பிளாஸ்டிக் உறையும் கையேடும் சேர்ந்தே மலிவாக வரும்.

எங்கே தேடுவது?

முதலில் உள்ளூர். ஜப்பானின் புக் ஆஃப் நிறுவனம் மலேசியாவில் ஜாலான் ஜாலான் ஜப்பான் என்ற பெயரில் பழைய பொருள் கடைகளை 2016 முதல் நடத்துகிறது. ஜப்பானிலிருந்து கப்பலில் வரும் துணி, பாத்திரம், பொம்மைகளுக்கு நடுவில் கேம்களும் அவ்வப்போது கண்ணில் படும். எது வரும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எட்டிப் பாருங்கள். பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலின் வார இறுதிப் பழம்பொருள் சந்தைக்குக் காலையிலேயே போக வேண்டும். பினாங்கில் இருப்பவர்களுக்கு லோரோங் கூலிட் சந்தை.

உள்ளூர் இணைய விற்பனையில் ஓர் எச்சரிக்கை. கேம் பாய் அட்வான்ஸ் போக்கிமோன் கேசட்டுகளில் போலிகள் ஏராளம். நான் ஒருமுறை ஒரு விற்பனையாளரிடம் அசல் விலை கொடுத்துப் போலி வாங்கி, ஐம்பது மணி நேர விளையாட்டை ஒரே நாளில் இழந்தேன். அசல் கேசட்டின் ஒட்டுத்தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், மையில்லாமல் அழுத்திப் பதித்த சிறு எண் தெரியும். அடியில் தங்க நிற முனைகளுக்குச் சற்று மேலே பலகையில் நின்டெண்டோ என்ற பெயர் இருக்கும். இந்த இரண்டுக்கும் அருகில் எடுத்த படம் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

பெரும்பகுதியை நேரே ஜப்பானிலிருந்துதான் வாங்குவீர்கள். யாஹூ ஏலத் தளம், மெர்க்காரி, சுருகா-யா ஆகியவை அங்கே முக்கியமானவை. பெரும்பாலான தனி விற்பனையாளர்கள் வெளிநாட்டுக்கு அனுப்புவதில்லை. பையீ, ஜென்மார்க்கெட் போன்ற இடைத்தரகு நிறுவனங்கள் நமக்காக வாங்கி, தங்கள் கிடங்கில் வைத்திருந்து, நாம் சொல்லும்போது ஒன்றாகக் கட்டி அனுப்பும். ஏலம் முடியும் நேரத்தைக் கவனியுங்கள்: ஜப்பான் நமக்கு ஒரு மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே இரவு 10 மணி என்றால் இங்கே 9.

கேசட் விலையைவிடச் செலவைத் தீர்மானிப்பது அஞ்சல். உதாரணக் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். 600 யென் கேசட் ஒன்று, விற்பனையாளரிடமிருந்து கிடங்குக்கு 700, தரகுக் கட்டணம் 500, மலேசியாவுக்கு 1,500. மொத்தம் 3,300 யென். நூறு யென்னுக்கு மூன்று ரிங்கிட் என்று சற்றுக் கூட்டியே வைத்தால் 99 ரிங்கிட். அதே கடையில் ஐந்து கேசட்டை ஒரே ஆர்டராக வாங்கினால் 3,000, 700, 500, அஞ்சல் 2,000. மொத்தம் 6,200 யென், 186 ரிங்கிட். ஒரு கேசட்டுக்கு 37. வெறும் கேசட் ஏறக்குறைய நூறு கிராம்தான் என்பதால் ஐந்துக்கும் ஒன்றுக்கும் அஞ்சலில் பெரிய வேறுபாடு வராது. ஆகவே மாதாமாதம் ஒன்று என்று வாங்காமல், இரண்டு மூன்று மாதப் பணத்தைச் சேர்த்து ஒரே கட்டாக வரவழையுங்கள். நண்பர்கள் இருவர் சேர்ந்து வாங்கினால் இன்னும் நல்லது.

வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 ஜனவரி 1 முதல், 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத இணையவழி இறக்குமதிப் பொருள்களுக்கு, பதிவுபெற்ற விற்பனையாளர்கள் 10 விழுக்காடு விற்பனை வரியைப் பணம் கட்டும்போதே பிடித்துக்கொள்வார்கள். 500ஐத் தாண்டிய பார்சல் சுங்கத்துறை வழியாகத் தனியே போகும். நான் எப்போதும் 400 ரிங்கிட்டுக்குள் நிறுத்திவிடுவேன்.

ஜப்பானுக்குச் சுற்றுலா போகும் உறவினர் இருந்தால் அஞ்சல் செலவே இல்லை. டோக்கியோவில் கேம் கடைகள் நிறைந்த அகிஹபாராவில் சுற்றுலாப் பயணிகளுக்காக விலை ஏறியிருக்கிறது. அவர்களிடம் தங்கும் விடுதிக்கு அருகில், புறநகரில் இருக்கும் புக் ஆஃப் அல்லது ஹார்ட் ஆஃப் கடையின் பெயரை எழுதிக் கொடுங்கள்.

விற்பனைப் பக்கத்தில் வரும் சொற்கள்

கானா படித்த பலன் இங்கேயும் கிடைக்கும். விவரத்தில் ஜங்க் என்று கதகானாவில் இருந்தால், உடைந்தது என்று முடிவு கட்ட வேண்டாம். உத்தரவாதம் இல்லை, திருப்பி எடுக்க மாட்டோம் என்பதே அதன் பொருள். சூப்பர் ஃபாமிகாம் கேசட்டில் ஜங்க் என்றால் நான் துணிந்து வாங்குவேன். அநேகமாக முனையில் அழுக்குதான் இருக்கும். தட்டுக் கருவிகளில் ஜங்க் என்றால் தொடவே மாட்டேன்.

ஹகோ-செட்சு என்றால் பெட்டியும் கையேடும் உண்டு. மட்டோமே என்றால் மொத்தமாகக் கட்டி விற்பது. பத்துக் கேசட் கட்டில் இரண்டு நல்லது இருந்தாலும் சில சமயம் இலாபம்தான். யாகே என்றால் வெயில் பட்டு மஞ்சளித்தது. நமாயே-காகி என்றால் பழைய உரிமையாளர் பெயர் எழுதியிருக்கிறது. அந்தக் காலப் பிள்ளைகள் நண்பனுக்கு இரவல் கொடுப்பதற்கு முன் கேசட்டின் முதுகில் மை பேனாவால் பெயர் எழுதினார்கள். சேகரிப்பாளர்கள் அதைக் குறையாகப் பார்ப்பதால் விலை இறங்கும். நான் அவற்றைத் தேடியே வாங்குகிறேன். பிஞ்சுக் கையெழுத்தில் கோணல்மாணலாக ஒரு பெயர் இருக்கும் கேசட்டை அழித்துச் சுத்தம் செய்ய எனக்கு மனம் வந்ததில்லை.

பார்சல் வந்தபின்

கேசட் முனையை வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் உலோகத்தை அரிக்கும். மருந்துக்கடையில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வாங்கி, பஞ்சுக் குச்சியில் நனைத்து முனைகளைத் துடையுங்கள். முதல் குச்சி கறுப்பாக வரும். கறுப்பு வருவது நிற்கும்வரை தொடருங்கள். நன்றாக உலர்ந்தபின்தான் கருவியில் போட வேண்டும். படம் வராத கேசட்டுகளில் பெரும்பாலானவை இதற்கே உயிர் பெற்றுவிடும்.

நம் ஊரில் அடுத்த எதிரி ஈரப்பதம். காற்றுப்புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு வையுங்கள். தட்டுகளையும் கையேடுகளையும் சுவரோரம், குளியலறைக்கு அடுத்த சுவரில் அடுக்க வேண்டாம்.

கடைசியாக பேட்டரி. பெரும்பாலான சூப்பர் ஃபாமிகாம் ஆர்பிஜி கேசட்டுகளில் நாம் சேமித்த ஆட்டத்தைக் காப்பது, உள்ளே இருக்கும் சிஆர் 2032 என்ற வட்டப் பேட்டரி. முப்பது ஆண்டு ஓடிய பேட்டரிகளும் இருக்கின்றன, செத்துப்போனவையும் இருக்கின்றன. கேசட்டைத் திறக்க 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் திருப்புளி வேண்டும். திறந்ததும் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 3 வோல்ட்டை ஒட்டி இருந்தால் விட்டுவிடுங்கள். 2.5க்குக் கீழே போயிருந்தால் மாற்றுங்கள். உலோக நாக்கு ஒட்டவைத்த பேட்டரியாகக் கேட்டு வாங்க வேண்டும்; வெறும் பேட்டரிமேல் நேரடியாகப் பற்றவைப்பது ஆபத்து, சூட்டில் வெடிக்கலாம். கூட்டல் பக்கம் எது என்று பலகையிலேயே குறித்திருக்கும். பற்றவைத்துப் பழக்கம் இல்லாதவர்கள் ஜாலான் பாசாரில் கொடுத்துச் செய்துகொள்வது நல்லது.

பழையதைக் கழற்றும் முன் ஒரு வேலை இருக்கிறது. கழற்றிய கணமே உள்ளே இருக்கும் சேமிப்பு அழிந்துவிடும். அதற்கு முன் கேசட்டைக் கருவியில் போட்டுப் பாருங்கள். என் டிராகன் குவெஸ்ட் 5-இல் மூன்று சேமிப்பு இடங்களில் இரண்டு காலி. மூன்றாவதில், கேசட்டின் முதுகில் எழுதியிருந்த அதே பெயர் இருந்தது. திறந்தால், அந்தப் பிள்ளை தன் நாயகனையும் அவன் பிள்ளைகளையும் ஏறக்குறைய கதையின் முடிவுவரை கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. பையில் ஒன்பது யகுசோ. ஏன் அங்கே நிறுத்தினார்கள் என்று தெரியாது. திரையைப் படம் எடுத்துக்கொண்டு, அதன்பிறகே பேட்டரியைக் கழற்றினேன். நீங்களும் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

புது பேட்டரி பிடித்திருக்கிறதா என்று சோதிக்கப் புது ஆட்டம் தொடங்குங்கள். பெயர் கேட்கும் திரையில் கானா அட்டவணை முழுவதும் விரியும். டிராகன் குவெஸ்ட் 5-இல் நாயகனுக்கு நான்கு எழுத்துதான் இடம். நான் மு, ரு, க, ன் என்று ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தேன். நமக்கும் நான்கெழுத்து, கானாவிலும் நான்கெழுத்து. கப்பலிலிருந்து இறங்கி, முதல் ஊரின் தேவாலயத்தில் பாதிரியாரிடம் பேசிச் சேமியுங்கள். கருவியை அணைத்து, கேசட்டைக் கழற்றி, ஓர் இரவு மேசைமேல் விடுங்கள். மறுநாள் காலை மீண்டும் போடும்போது அந்த நான்கெழுத்து அங்கே இருந்தால் கேசட்டை மூடித் திருகைப் பூட்டிவிடலாம்.